வாடை வராத துணி

அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை முதலில் எதிர்கொண்டவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பின்பக்கக் கொட்டகையிலிருந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்த ஓர் அம்மாள். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லி, நல்ல உயரம். பெட்டியை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறார் என்று நினைத்து நீட்டினேன். அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. என் தோள்பட்டைப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"பஸ்ஸுல வாந்தி எடுத்தீங்களா கண்ணு?"

எடுத்திருந்தேன். எழுபது கொண்டையூசி வளைவில் பாதிக்கு மேல் நான் நானாக இல்லை. ஆனால் செம்மேட்டில் இறங்கியதும் குழாயடியில் முகம் கழுவி, சட்டையை மாற்றி, பவுடரும் பூசிக்கொண்டுதான் வந்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தேன்.

"சட்டைய மாத்தீட்டனே" என்றேன்.

"மாத்துனீங்க. பனியன மாத்தலியே. கழட்டிக் குடுங்க, அலசித் தாரேன்."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பனியனைக் கழற்றிக் கொடுத்தவன் அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அப்படி ஆலத்தூர் நாட்டில் சாலையை ஒட்டி ஓர் அறக்கட்டளை நடத்திவந்த இருபது கட்டில் ஆஸ்பத்திரி அது. நான் ராசிபுரத்துக்காரன். மருந்து கொடுப்பதும், ஸ்டோர் சாவியை வைத்துக்கொள்வதும், வருகிற பொருளுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. அந்த அம்மாள் அங்கே துணி துவைத்தார். கட்டில் விரிப்பு, போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணி என்று எல்லாம் அவர் கை பட்டுத்தான் வார்டுக்குத் திரும்பும். அவர் ஊர் அரை மணி நடையில். எங்களுக்கெல்லாம் அவர் துணியக்கா. டாக்டரம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

துணியக்காவுக்கு எதையும் முகர்ந்தால்தான் நம்பிக்கை வரும். கண் சொல்வதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் வார்டிலிருந்து வரும் மூட்டையைக் கொட்டி, ஒவ்வொரு துணியாக எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். ஒரே ஒரு மூச்சு. பிறகு மூன்று குவியலில் ஒன்றில் போடுவார். முதல் குவியல் வெறும் சோப்புக்கு. இரண்டாவது பிளீச்சிங் பவுடர் தண்ணீருக்கு. மூன்றாவது, விறகடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் அண்டாவுக்கு. ரத்தக்கறை பட்ட துணியை நாம் மூன்றாவதில் போடுவோம். அவர் முகர்ந்துவிட்டு, "இது நல்ல ரத்தமுங்க" என்று இரண்டாவதில் போடுவார். பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும் தலையணை உறையைத் தூக்கி அண்டாவில் எறிவார். கேட்டால், "உள்ளுக்குள்ள அழுவல் இருக்குது" என்பார்.

முதல் வாரமே நான் சொல்லிப் பார்த்தேன். "க்ளவுஸ் போட்டுக்கங்கக்கா. மாஸ்க்கும் போட்டுக்கங்க. இப்படி முகர்ந்தா உங்களுக்குத்தான் சீக்கு வரும்" என்றேன். க்ளவுஸ் போட்டுக்கொண்டார். மாஸ்க்கைக் கழுத்தில் இறக்கிவிட்டார்.

"கண்ணக் கட்டிக்கிட்டு நடன்னு சொல்றீங்களே கண்ணு" என்றார்.

அது சரியான முறை என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படி இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி அவர் மூக்கை நம்பித்தான் ஓடியது, அதுதான் உண்மை. பலாமரத்திலிருந்து விழுந்து தொடையில் தையல் போட்ட ஒருவர் மூன்றாம் கட்டிலில் கிடந்தார். காய்ச்சல் இல்லை, கட்டு சுத்தமாக இருந்தது, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. அவருடைய விரிப்பைக் கையில் பிடித்தபடியே துணியக்கா என் ஜன்னலுக்கு வந்தார்.

"மூணாங் கட்டில்காரருக்குக் காலுக்குள்ள கெட்டுப்போயிருக்குதுங்க. டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டேதான் கட்டைப் பிரித்தார். தையலுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு காலையில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் முன் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன சேதி துணியக்கா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

செம்மேட்டுச் சந்தையில் கிழங்கு விற்பவர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். மரவள்ளிக் கிழங்கை ஒடித்து முகர்ந்துவிட்டு, "முந்தாநேத்துப் புடுங்குனது" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு நகர்வார். தலையில் பூ வைக்க மாட்டார். வைத்தால் மூக்கு ஏமாந்துவிடுமாம். எனக்குக் கல்யாணம் நிச்சயமான புதிதில் நான் வாசனை எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். ஒரு மாதம் கொட்டகைக்குள் காலடி வைக்க விடவில்லை. "அந்தப் புள்ளைக்குத் தேச்சுக் காட்டுங்க. எனக்கு வேலையிருக்குது" என்றார். நர்ஸுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொரோனாக் காய்ச்சல் வந்த வருஷம் அவருக்கு அந்த மூக்கு போனது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிட்டது. வாடை தெரியாமல் போனது ஒரு மாதத்துக்கு மேல் திரும்பவில்லை. அவ்வளவு பயந்து நான் அவரைப் பார்த்ததில்லை. சாணியை முகர்ந்தார், மிளகை நசுக்கி முகர்ந்தார், பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்துக்கொண்டு அழுதார். ஆனால் வேலையில் அவர் தடுமாறவில்லை. ஒரு முடிவுக்கு வந்து, வந்த துணி அத்தனையையும் அண்டாவில் போட்டார். விறகு தீர்ந்துகொண்டே இருந்தது. நான் ஸ்டோர்க்காரன் என்ற முறையில் முணுமுணுத்தேன்.

"எது கெட்டது, எது நல்லதுன்னு எனக்குத் தெரியலீங்களே. தெரியாதப்ப எல்லாமே கெட்டதுதான்" என்றார்.

ஒரு நாள் காலையில் அடுப்புப் புகை வாடை தெரிகிறது என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அன்றைக்குத்தான் மறுபடியும் மூன்று குவியல் வந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்பதை அந்த ஒரு மாதத்தில் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தனக்கு ஒன்று தெரியாது என்று அவருக்குத் தெரிந்தால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

புதுத் துணி வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி, அறக்கட்டளையோடு பேசி, ஆறு மாதம் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி இலவசமாகக் கொடுத்தது. வேனில் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கித் துணி நூலின் மேல் பூசியிருக்கிறோம், நானோ தொழில்நுட்பம் என்பார்கள், கிருமி வந்து உட்கார்ந்தால் செத்துவிடும் என்றார்கள். சிறுநீர் போகச் சொருகும் குழாய்களிலும் இதே பூச்சு பூசி ஒரு பெட்டி கொடுத்தார்கள். ஒரு படம் காட்டினார்கள். சாதாரணத் துணியை ஒற்றி எடுத்த கண்ணாடித் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமி. இந்தத் துணியை ஒற்றியதில் ஒன்றுமே இல்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இப்போதும் அந்தப் படம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

துணியக்கா ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்தார். சாம்பலும் மஞ்சளும் கலந்த மங்கலான நிறம் அதற்கு.

"அதுவே கொன்னுருமுங்களா?"

"அதுவே கொன்னுரும்க்கா."

"அப்ப எனக்கென்ன வேலை?"

"நீங்க அலசிப் போட்டாப் போதும். கொதிக்க வெச்சா பூச்சு போயிரும். பிளீச்சிங்கும் கூடாது. பச்சத் தண்ணி, கொஞ்சம் சோப்பு. அவ்வளவுதான்."

மழை பிடித்துக்கொண்டது. வேன்காரர்கள் இருட்டுவதற்குள் வளைவில் இறங்கிவிட வேண்டும் என்று பறந்தார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். பயன்படுத்தும் முறை பணியாளருக்கு அவர் மொழியில் முழுமையாக விளக்கப்பட்டது என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். கீழே துணியக்கா, எழுத்துக் கூட்டி, தன் பெயரை மெதுவாக எழுதினார். ஒரு இங்கிலீஷ் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அட்டையை நான் அன்று சாயங்காலமே படித்தேன். ஏழெட்டு வரி. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு விஷயம் இருந்தது. இந்தத் துணியில் வாடை தங்காது. வாடை இல்லை என்பதால் சுத்தம் என்று பொருளில்லை. சீழ், ரத்தம் பட்ட துணியைத் தனியாகப் பிரித்து முன்போலவே சுடுநீரிலும் கிருமிநாசினியிலும் துவைக்க வேண்டும். அதனால் பூச்சு போனாலும் பரவாயில்லை. படித்தபோதே துணியக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கொட்டகைக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும், மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அட்டையை மேசை இழுப்பறையில் போட்டேன். மறுநாள் மருந்து லோடு வந்தது. அதற்கு மறுநாள் என்ன வந்தது என்று நினைவில்லை. சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவே இல்லை, அதை மட்டும் நம்புங்கள்.

முதலில் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருந்தது. அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்கள். விறகுச் செலவு நின்றது. பிளீச்சிங் பவுடரில் வருஷக்கணக்காக வெடித்துக் கிடந்த துணியக்காவின் உள்ளங்கை ஒரே மாதத்தில் ஆறிவிட்டது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "புதுப்பொண்ணு கையாட்டம் ஆயிப்போச்சுங்க" என்றார். வார்டில் வழக்கமாக இருக்கும் அந்த ஆஸ்பத்திரி வாடையும் குறைந்திருந்தது. டாக்டரம்மா பாராட்டி எழுதிக் கொடுத்தார்.

பிறகு ஒரு நாள், இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஜன்னலுக்கு வந்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார்.

"கண்ணு, அந்தக் காய்ச்சல் வந்தவங்களுக்கு மறுபடியும் மூக்கு போகுமுங்களா?"

"ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன். டீ வாடை வருது. பினாயில் வருது. துணிதான் சரியா வர மாட்டேங்குது."

நான் அப்போது மாத இருப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மங்கும்க்கா" என்றேன். ஒரு பட்டை விட்டமின் மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, "டாக்டரம்மாகிட்டச் சொல்லீராதீங்க. மூக்குப் போச்சுன்னா என்னய எதுக்கு வெச்சிருப்பாங்க?" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இழுப்பறை என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்றைக்கு இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

கொதிக்க வைக்க வேண்டாம் என்று சொல்லியும், கொட்டகையில் மூன்று குவியலாகப் பிரிக்கப் பார்ப்பதை அவர் விடவில்லை. நான் போகும்போதெல்லாம் முகர்ந்துகொண்டுதான் இருந்தார். முன்பு ஒரு மூச்சு; இப்போது மூன்று, நான்கு. முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் எல்லாத் துணியும் முதல் குவியலுக்கே போயிற்று. அந்த மங்கல் மஞ்சளில் சீழ்க்கறை பட்டால், கழுவிக் காய்ந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது.

ஆடி மாதம் பைல் நாட்டிலிருந்து ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். வயது இருபத்தொன்று, தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே நின்றதால் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை, நல்ல எடை. புருஷன் வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். நான்காம் நாள் அவளுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் வயிற்றுத் தையல் பிரிந்து சீழ் வந்தது. ஊசி மருந்தை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். ஆறாம் நாள் காலையில் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். எழுபது வளைவும் அவள் கத்திக்கொண்டே போனாள் என்று டிரைவர் திரும்பி வந்து சொன்னார். சேலத்தில் இரண்டு முறை வயிற்றைத் திறந்தார்கள். உயிர் தப்பியது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றும்போது துணியக்கா முற்றத்தில் நின்றிருந்தார். ஸ்ட்ரெச்சர் அவரைக் கடந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாங்க முடியாத வாடை அடித்தது. எனக்கே அடித்தது. அவர் மூக்கு நன்றாகத்தான் இருந்தது என்பது அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலமாரியில் மடித்து வைத்திருந்த விரிப்புகளை ஒற்றி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் புண்ணில் இருந்த அதே கிருமி மூன்று விரிப்பில் இருந்ததாகத் தாள் வந்தது. டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். "சொவத்துக்கு எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும் அதுமேல சேத்த அப்பிட்டா பெயிண்ட் என்ன பண்ணும்? சீழ் காஞ்சு படிஞ்சா வெள்ளி கிருமியத் தொடவே தொடாது." துணியிலிருந்துதான் அவளுக்கு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் ஊர்க்காரர்கள் வந்து கேட்கும்போது, கைகாட்ட அறக்கட்டளைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

விசாரணைக்கு அறக்கட்டளையிலிருந்து இருவர், கம்பெனியிலிருந்து ஒருவர். டாக்டரம்மாவின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். துணியக்கா சுவரோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கம்பெனிக்காரர் அந்த அட்டையின் இன்னொரு பிரதியை எடுத்து, கடைசி வரிகளைத் தமிழில் சொன்னார். வாடை தங்காது. வாடை இல்லை என்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. பிரித்துத் துவைக்க வேண்டும். துணியக்கா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று அந்த அறையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

"இதையெல்லாம் நீங்க இவங்களுக்கு விளக்கினீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட தாள் மேசை மேல் இருந்தது. வீட்டில் மனைவி ஏழு மாதம். நான், "சொன்னேன் சார்" என்றேன்.

"ஏம்மா, சொன்னாரா?"

துணியக்கா என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு தாளைப் பார்த்தார், அதில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"சொல்லியிருப்பாருங்க" என்றார். "எனக்குத்தான் ஞாபகத்துல இல்லீங்க."

அன்று மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள். கொட்டகையிலிருந்து தன் பழைய புடவை ஒன்றையும் டீ டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார். நான் மருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். தெரிந்தே எனக்காகப் பொய் சொன்னார் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ராசிபுரத்தில் சொந்தமாக மருந்துக் கடை வைத்தேன். எனக்குப் பையன் பிறந்தான். அவனைத் தூக்கும்போதெல்லாம் மனதுக்குள் அவரை ஒரு தடவை கும்பிட்டுக்கொள்வேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

போன தை மாதம் கடைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தான். புண்ணுக்குக் கட்டும் துணி, வெள்ளிப் பூச்சுப் பூசியது. "வாடையே வராது சார், அதுதான் இதுல விசேஷம்" என்றான்.  மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடையை அடைத்துவிட்டுக் காலை பஸ்ஸில் மலை ஏறினேன்.

துணியக்கா வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. துணியக்கா எங்கே என்று கேட்டதற்கு, தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அத்தை பின்னாடி இருக்குதுங்க. அதுக்கு இப்ப நெனப்பு சரியில்லீங்க. நாங்க சொல்லல, அதுவேதான் அப்படிச் சொல்லுது. அடுப்புப் பக்கமே வாரதில்ல. புள்ளையத் தனியா வெச்சிருக்கச் சொன்னா, எனக்கு வேண்டாம்னு குடுத்துருது."

பின்பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க கண்ணு, வாங்க. புள்ள நல்லாருக்கறானுங்களா?" என்றார். அந்த மலர்ச்சியைப் பார்க்க எனக்குக் கூசியது. என்ன பேசுவது என்று தெரியாமல், மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மூக்குக்கு என்னங்க? அது போகவே இல்லீங்களே. அந்தத் துணிதான் ஊமையாட்டம் இருந்திருக்குது. அன்னைக்கு அந்த ரூம்புலதான எனக்கே வெளங்குச்சு." சிரித்தார். "போனது நெனப்புங்க."

"நெனப்பா?"

"நீங்க சொன்னத மறந்துட்டனுங்களே. தாளக் காட்டுனாங்கல்ல? உங்க கையெழுத்து, கீழ எங் கையெழுத்து. ரெண்டு வருசமா ரோசன பண்ணிப் பாக்கறேன். மழை பேஞ்சது வருது. கொதிக்க வெக்காதீங்கன்னு நீங்க சொன்னது வருது. இது மட்டும் வரவே மாட்டேங்குது. அத்தாம் பெரிய சேதிய மறந்தவ, அடுப்புல வெச்சத மறக்க மாட்டனா? புள்ளைய எங்க உட்டேன்னு மறக்க மாட்டனா? அதான் எதையும் தொடறதில்ல."

அவர் எனக்காகப் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பியிருந்தார். தன் நினைவை விட என் கையெழுத்தை நம்பியிருந்தார். நான் அவரை நன்றியோடு கும்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அவர் இந்தக் கல்லில் உட்கார்ந்து, நடக்காத ஒன்றை நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க மறக்கலக்கா" என்றேன். "நான் சொல்லவே இல்ல."

"இல்லீங்க கண்ணு, நீங்க சொல்லியிருப்பீங்க."

"சொல்லலக்கா. அட்டையப் படிச்சேன். நாளைக்குச் சொல்லலாம்னு இழுப்பறையில போட்டேன். அப்புறம் சொல்லவே இல்ல. மறந்தது நான்தான்."

அவர் சிரிப்பு மெதுவாக அடங்கியது. என்னை உற்றுப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்த ரூம்புல கேட்டப்பவும் மறந்துருந்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் போனது அதைச் சொல்வதற்கில்லை.

"அன்னைக்கு ஞாபகம் இருந்துச்சுக்கா" என்றேன்.

 தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டினால் தேவலாம் என்று இருந்தது. திட்டவில்லை, அழவும் இல்லை. பிறகு சொன்னார்.

"அந்தப் பொண்ணு ஊட்டுக்கு நான் போனேனுங்க. ஒரு கோழியும் ஒரு படி சாமையும் எடுத்துக்கிட்டுப் போனேன். அவ கால்ல உழுந்தேன். அவளுக்கு எம் புள்ள வயசுகூட இல்ல. என்னயத் தூக்கி உட்டு, நீ என்ன வேணும்னா செஞ்ச, வயசாயிப்போச்சு, மறந்துட்டே, உடு அக்கான்னு சொன்னா. சோறு போட்டா."

எழுந்தார். கூரையோரம் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"அவ கால்ல உழ வேண்டியது நானில்லீங்களே. பைல் நாட்டுக்கு மூணு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. வாங்க."

"இப்பவாக்கா? அவ புருஷன், ஊர்க்காரங்க எல்லாம்..."

"இருப்பாங்க" என்றார்.

வாசலுக்கு வந்தபோது குழந்தை மிளகை மிதித்துக்கொண்டு குறுக்கே ஓடியது. துணியக்கா குனிந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மருமகள் திகைத்துப்போய் நின்றாள்.

"இவள நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார் அவளிடம். "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து உட்டர்றேன். நான் மறக்க மாட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் சாலையை நோக்கி நடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் போனேன்.